கோதை விற்ற ஏகாதசி வடை

கசார்வாடியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் கோதை கணக்கெழுதினாள். 1998இல் அவள் சென்னையிலிருந்து புனே வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் கேன்டீனில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டாலே ஆகாது. காரணம், எண்ணெய். யார் தட்டில் வடாபாவ் இருந்தாலும் பக்கத்தில் போய் நின்று மாரடைப்பைப் பற்றிப் பேசுவாள். பாவம், அவர் பாதியில் எழுந்து போவார். திங்கட்கிழமைகளில் பொரித்த பண்டமே கூடாது என்று மேனேஜரிடம் உத்தரவும் வாங்கிவிட்டாள். கேன்டீன் நடத்தும் வாணியம்பாடி முகமது இஸ்மாயில் திங்கட்கிழமைகளில் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

பக்கத்துத் தாபோடியில் கட்டட வேலைக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு பால்வாடி இருந்தது. வெறும் டீயைக் குடித்துவிட்டு வரும் குழந்தைகள். அடுத்த மாதம் முதல் தினமும் முளைகட்டிய பயறும் வாழைப்பழமும் தருவதாக அதை நடத்தும் சரசாவிடம் கோதை வாக்குக் கொடுத்திருந்தாள். ஆபீஸில் ஒரு நாள் பலகாரம் விற்று அதற்குப் பணம் சேர்ப்பதாக ஏற்பாடு.

நாளையும் அவளே பார்த்தாள்: ஆஷாட ஏகாதசி. ஊர் பூராவும் விரதம். விரதமென்றால் சோறு கிடையாது, பலகாரம் உண்டு. அவள் வீட்டு வழக்கம் அது. விடியுமுன் எழுந்து பயறுச் சுண்டலும் கேழ்வரகு அடையுமாக இரண்டு அண்டா நிரப்பினாள்.

மதியம் கேன்டீனுக்கு எல்லோரும் வந்தார்கள், அண்டாவை எட்டிப் பார்த்தார்கள். "நகோ தாயி, உப்வாஸ்", வேண்டாம் அக்கா, விரதம் என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள்.

"என்ன பாய் இது? விரதத்துக்குன்னுதானே பண்ணினேன்!"

"இவங்க விரதத்துக்கு பயறும் ஆகாது, கேழ்வரகும் ஆகாதுக்கா" என்றார் இஸ்மாயில். "ஜவ்வரிசி, உருளைக்கிழங்கு, வேர்க்கடலை, அவ்ளோதான். அதான் ஜவ்வரிசி வடை போட்டுட்டு இருக்கேன்."

அவர் வாணலிக்கு முன்னால் வரிசை வாசல் தாண்டி நின்றது. கோதைக்கு அழுகையே வந்துவிட்டது. அண்டாக்களைத் தாபோடிக்கு அனுப்பிவிடலாம், அது ஒரு நாளைக்குக் காணும். மற்ற நாளெல்லாம் அந்தக் குழந்தைகள் என்ன செய்யும்?

"பாய், இந்த வடையை நான் விக்கறேன். லாபத்தைப் பால்வாடிக்குத் தருவேளா?"

"லாபம் என்னக்கா, மொத்தமும் எடுத்துக்குங்க. அந்தத் திங்கக்கெழமை உத்தரவை மட்டும் எடுத்துடுங்க."

கோதை வாணலியைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள்.

"எடுத்துடறேன்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றாள். வரிசையில் முதல் ஆள் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் கதம். தொப்பை, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, எல்லாம் உள்ளவர். அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தார். பிறகு பயந்துகொண்டே ஒரு விரலைக் காட்டினார்.

"அஜூன் தோன் க்யா, தாதா" என்றாள் கோதை. இன்னும் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று அர்த்தம். எண்ணெய் சொட்டச் சொட்ட மூன்று வடையைத் தட்டில் வைத்தாள். இந்த மனுஷனுக்கு இன்னும் நன்றாகப் பசிக்க வேண்டும் பெருமாளே என்று மனசார வேண்டிக்கொண்டாள்.