இடக்கைக்காக ஜெபித்த நாட்கள்

சென்னையில் ஒரு பாட்டுப் பதிவு. வாசித்துக்கொண்டிருந்தபோதே என் இடது கை கிட்டாரை விட்டு நழுவி விழுந்தது. தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. லேசான பக்கவாதம். "உயிருக்குப் பயமில்லை. விரல்கள் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

கிட்டார்காரனுக்கு இடக்கை போனால் என்ன மிச்சம்? மனைவி செல்வி என்னைச் சொந்த ஊரான சின்னமனூருக்கே அழைத்து வந்துவிட்டாள்.

பழைய நாட்களையே நினைத்துக்கொண்டு கிடந்தேன். ஏலக்காய் வியாபாரத்துக்குக் கோட்டயம் போன அப்பா, வழியெல்லாம் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த முதல் கிட்டார். சென்னையில் வயலின்காரர்கள், தபேலாக்காரர், நான் என எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்து வாசித்த காலம். ஒருவர் தப்பு செய்தால் மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டும். தப்பு செய்தவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். என்ன சிரிப்பு! பிறகு நானே பாடல்களைத் தயாரிக்கத் தொடங்கினேன். அத்தனையும் போயிற்றே என்று அழுதேன். "கொடுத்தவர் நீர்தானே, ஏன் எடுத்தீர்?" என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். செல்வி தினமும் என் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டி, கண்ணீரோடு ஜெபித்தாள்.

ஒருநாள் சபைப் பாடகர் குழுவை நடத்தும் எஸ்தர் அக்கா வந்தார்.

"தம்பி, ஈஸ்டர் பாட்டு ரெக்கார்டு பண்ணணும். வந்து பாத்துக்கிருங்க."

"கை வெளங்காதவன் அங்கன வந்து என்னக்கா செய்ய?"

"காது நல்லாத்தான இருக்கு?"

போனேன். மைக்கை இடம் மாற்றி வைக்கச் சொன்னேன். சுருதி விலகிய குரல்களைத் திருத்தினேன். வீட்டுக்கு வந்ததும் பசித்தது. எத்தனை மாதமாகிவிட்டது, பசித்துச் சாப்பிட்டு!

அந்தப் பாட்டை வீட்டுக் கம்ப்யூட்டரில் சரிசெய்துகொண்டிருந்தபோது, ஓரிடத்தில் கிட்டார் வேண்டும்போல் இருந்தது. யோசிக்காமல் எடுத்துவிட்டேன். இடக்கை விரல்கள் மெதுவாக நகர்ந்து தந்திகளை அழுத்தின. மீட்டினேன். நாதம் சுத்தமாக எழுந்தது.

அடுப்படியிலிருந்து செல்வி ஓடிவந்தாள்.

"ஏங்க, கம்ப்யூட்டர்ல போட்டீகளா?"

"இல்ல செல்வி. நான்தான் வாசிச்சேன்."

அப்படியே தரையில் மண்டியிட்டாள். கிட்டாரை ஓரமாக வைத்துவிட்டு நானும் அவள் பக்கத்தில் மண்டியிட்டேன்.

வேகமான வாசிப்பு இன்னும் கைகூடவில்லை. ஆனால் இன்று தேனி முதல் கம்பம் வரை பல சபைகளின் பாட்டுகள் என் வீட்டில்தான் பதிவாகின்றன. முன்பெல்லாம் என் திறமை என்று நினைத்து வாசித்தேன். இப்போது ஜெபிக்காமல் தந்தியைத் தொடுவதில்லை.

சோர்ந்திருக்கும் சகோதரனே, சகோதரியே, கோபமிருந்தால் கோபத்தோடே அவரிடம் பேசுங்கள். சண்டை போட்ட என்னையே அவர் கைவிடவில்லை. உங்களையும் விடமாட்டார்.