கேட்காமல் விட்ட ஈ.எஸ்.ஐ. கார்டு

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனி தன் கால்பந்து அணிக்கு இரண்டு பேரை எடுத்தது. ஆட்டக்காரர்களின் கணுக்காலில் டேப் சுற்ற வேண்டும், வீக்கத்துக்கு ஐஸ் வைக்க வேண்டும், பிடித்துக்கொண்ட தொடையைத் தேய்த்துவிட வேண்டும். ஒருவன் நான், எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜிம்மில் பார்த்துப் பழகிய கைதான் என் சர்டிபிகேட். மற்றவன் கரமனைக்காரன், டிப்ளமா முடித்த என் நண்பன். அவன் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம்.

சம்பளம் பேசப் போகும் முன் தம்பானூரில் டீ குடித்தோம்.

“சம்பளம் மேனேஜர் சொல்லதே இருக்கட்டும் மக்கா. ஈ.எஸ்.ஐ. கார்டை மட்டும் விட்ராத. பிரசவத்தை ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலேயே காசில்லாம பாத்துரலாம். ரெண்டு பேரும் ஒண்ணு போல கேப்போம்.”

“கேக்கேன்” என்றேன்.

“நீயா? பஸ்ஸுல மிச்சச் சில்லறை கேக்கதுக்கே ரெண்டு ஸ்டாப் யோசிப்பியேடே!”

இரண்டு பேரும் சிரித்தோம்.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். என் விண்ணப்பத்தில் படிப்பு எழுதியிருந்த வரியில் மேனேஜரின் விரல் நின்றது. “எட்டாம் கிளாஸ், அல்லே?” மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். “முதல் ஒரு வருஷம் ட்ரெயினி, கேட்டோ. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ஒண்ணும் கிடையாது. சம்மதம்தானே?”

“சம்மதம் சார்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயத்தில், “அவனும் சம்மதிப்பான் சார்” என்றும் சொல்லிவிட்டேன்.

அடுத்து உள்ளே போனவன் வெகுநேரம் கழித்து வந்தான். “ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரிதானாம், ஒரு வருஷத்துக்குக் கார்டு கிடையாதாம். நீ கேட்டதுக்கும் இதத்தான் சொன்னானா?”

“ஆமா.”

“சாரமில்ல மக்கா, போட்டும். கேட்டோம்லா.” என் தோளைத் தட்டினான்.

பிரசவம் தனியார் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன். அவன் பைக்கை விற்றான். அதன்பிறகு தினமும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். இறங்கும் இடம் வந்துவிடும்.

ஒரு வருஷம் முடிந்ததும், “மறுபடியும் கேப்போம், நாளைக்கே” என்றான். மறுநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். “ரெண்டு பேருக்கும் கார்டு போட்டுத் தாறேன்னுட்டான்டே. உனக்கும் சேத்துத்தான் சண்டை போட்டேன்.” பிறகு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தான். “காய்ச்சல் ஒண்ணும் தெரியலியே” என்றான், நிம்மதியாக.