கண்ணாடிக்கு வைத்த சந்தனம்

நெல்லிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நான், என் மனைவி செல்வி, அவள் தம்பி குமார் என்று மூன்று பேர் இருந்தோம். அன்று ஆயுத பூஜை இரவு. செல்விக்குப் புற்றுநோய் முற்றியிருந்தது. சனிக்கோளின் வளையத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். குழாயின் அடியில் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் ஒன்றைச் சிதம்பரத்தில் வாங்கி வந்திருந்தேன்.

"சனி வுடமாட்டேங்குதுன்னு ஊரே அழுவுது. நீ தேடிப் போயி பாக்குறியேக்கா!" என்றான் குமார்.

"நீ போயி உன் டிராக்டரப் பாருடா" என்று செல்வி சிரித்தாள்.

டெலஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்தால் எல்லாம் மங்கலாக இருந்தது. குமார் முகம் மாறியது.

"காலையில டிராக்டரத் தொடைக்கறப்ப இதோட கண்ணாடியயும் கழட்டி, விபூதி போட்டுத் தேச்சி, சந்தனம் வச்சேன் மாமா."

கண்ணாடியின் மேல்பக்கத்தில் இருந்த பளபளப்புப் பூச்சு தேய்ந்து போய்விட்டது.

"அவனத் திட்டாதீங்க. சரி பண்ணிப் பாத்துக்கலாம்" என்றாள் செல்வி.

புதுப் பூச்சு போடச் சென்னைக்கு அனுப்பினோம். அது திரும்பி வருவதற்குள் அவள் இறந்துவிட்டாள்.

இப்போது பூஜைக்குக் குழாயின் வெளிப்பக்கம் மட்டும்தான் சந்தனம் வைக்கிறேன். தூசி படிந்தாலும் கண்ணாடியைத் தொடுவதில்லை.

அந்த வருஷம் கார்த்திகையில், திரும்பி வந்த கண்ணாடியை மாட்டியபோது வளையம் தெளிவாகத் தெரிந்தது. பார்த்தது இரண்டு பேர்.