ஊசாத மெத்தை

செலியமேட்டிலிருந்து சைக்கிளில் வந்த ஏழுமலை, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றபடி என்னிடம் சொன்னான்: "யோவ் பெருசு, நம்ம தணிகாசலம் சாரு தவறிப்பூட்டாருய்யா."

திருபுவனை மெத்தைக் கம்பெனியில் அவரோடு வேலை செய்தவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். அவர் பெயரை விட்டு 'ஊசின மாவு' என்று ஊர் கூப்பிட்டது உங்களுக்குத் தெரியும். அந்தப் பெயர் யாரால் வந்தது என்பதும் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள்.

டிரம்மில் வரும் இரண்டு மருந்தைக் கலந்து பெட்டியில் ஊற்றினால் நுரைத்து எழும்; அதை அறுத்தால் மெத்தை. "இந்த மருந்துக்கு மூலம் மண்ணுக்கு அடியில கெடக்கற எண்ண. ஒரு நாளு தீந்துபூடும்பா. மரவள்ளி வருஷா வருஷம் மொளைக்கும்" என்பார் மருந்து கலக்கும் பொறுப்பிலிருந்த சார். அதனால் ஒரு மருந்தில் கொஞ்சத்தைக் குறைத்து, மரவள்ளி மாவைப் பொட்டு ஈரமில்லாமல் சூட்டில் காயவைத்துக் கலப்பார். நல்ல மெத்தையாகவே வந்தது.

ஒரு நாள் சார் வர நேரமாயிற்று. மாவு என்றால் கஞ்சிதானே என்று ஏழுமலை, வேட்டிக்குப் போடுகிற பதத்தில் காய்ச்சி ஊற்றிவிட்டான். நுரை பெட்டியைத் தாண்டிக் கொதித்து ஏறியது. புகையும் நாற்றமும் தாங்காமல் எல்லோரும் வெளியே ஓடினோம். சார் வந்து பார்த்துச் சிரித்தார்.

"கஞ்சிய குடிங்கடா, பெட்டியில ஊத்தாதீங்க! தண்ணி பட்டா அந்த மருந்து பேயாட்டம் ஆடும். காயவெச்சா மெத்தை, இல்லன்னா சாக்கடை."

முதலாளியும் வந்தார். அவருக்கு அந்த உயரம்தான் கண்ணில் பட்டது. "கொஞ்சூண்டு மருந்துக்கு இம்மாம் ஒசரமா? இனிமே மாவக் காயவெக்க வேணாம்."

"ஒரு மழை தாங்காது மொதலாளி. நான் செய்யமாட்டேன்" என்று சார் வேலையை விட்டுப் போனார்.

முதலாளி ஈர மாவைக் கொட்டி மெத்தை போட்டு விற்றார். ஐப்பசி மழையில் எல்லாம் திரும்பி வந்தன. கறுப்பாகப் பூசணம், புளித்த மாவு வாடை. ஒன்றைத் தூக்கினேன், சளிபோலக் கையோடு வந்தது. இன்றைக்கும் சோற்றில் கை வைக்கும்போது நினைவு வந்தால் குமட்டுகிறது. அதைவிட நாறியது முதலாளியின் வாய். "எல்லாம் அந்த மாவுப் பைத்தியம் பண்ண வேல" என்று கடை கடையாகச் சொன்னார். பிறகு எந்தக் கம்பெனியும் சாரைச் சேர்க்கவில்லை.

சாவு வீட்டுக்கு அந்த முதலாளி ஆளுயர மாலையோடு வந்திருந்தார். "எங்க கம்பெனிக்கே தூணு" என்று மூக்கை உறிஞ்சினார். வாசலில் சாரின் சைக்கிள் நின்றது. சீட்டின் மேல் அவர் கையால் செய்த மாவு மெத்தைத் துண்டைக் கட்டியிருந்தார், எத்தனையோ மழையில் நனைந்தது. அவிழ்த்துக்கொண்டு போய் முதலாளியின் முகத்துக்கு நேராக நீட்டினேன்.

"மோந்து பாருங்க மொதலாளி. ஊசியிருக்கா?"

மோந்து பார்க்குமுன்பே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சாரின் மனைவி அழுகையை நிறுத்திவிட்டு, "அது உங்க கையிலேயே இருக்கட்டும்ணா" என்றார்.

இருக்கிறது. மழை வந்தால் நனையவிடுகிறேன். வெயில் வந்தால் காயவைக்கிறேன். 'ஊசின மாவு' என்று கூப்பிட்ட எவனும் வந்து மோந்து பார்க்கலாம்.