துருவலை எத்தனை என்று கேட்டவர்

கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றபோது பள்ளிவாசல் ஒலிபெருக்கி பேசத் தொடங்கியது. ஜனாஸா அறிவித்தல்; யாரோ காலமாகிவிட்டார்கள். நற்பிட்டிமுனையைச் சேர்ந்த இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் உம்மா என்று உறவுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஜெமீலா என்ற பெயர் காதில் விழுந்தும் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். அந்தப் பெயரில் இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். மீன்காரர்தான் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கணக்கெடுக்க வாற ராத்தா சேர். சிவப்பு ஸ்கூட்டி. அவதான் மௌத்து." அறிவித்தலில் இல்லாத அவருடைய தொழிலை அந்த மனிதர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். வெட்டக் கொடுத்த மீனை மறந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ஜெமீலா மிஸ் பொறுமையானவர், அமைதியானவர், யாரோடும் முரண்படாதவர் என்று ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்களுக்கும் வந்திருக்கும். அவரோடு ஒரு நாளாவது வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அவர் முரண்படாத அதிகாரி இந்த மாவட்டத்திலேயே கிடையாது. ஒரு மனுஷியை இழந்த பிறகு அவருடைய முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுப் பூவை மட்டும் படத்துக்குப் போடுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். எழுதினால் எனக்கும் அடி விழும். விழட்டும்.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெமீலா எங்கள் பிரிவின் புள்ளிவிபரக் கள உத்தியோகத்தர். வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுப்பதும் நெல் விளைச்சலை வயலில் நின்று அளப்பதும் அவருடைய வேலை. நான் அவரைவிட ஏழு வயது இளையவன். பதவியில் மட்டும் ஒரு படி மேல். என்னைச் 'சேர்' என்றுதான் கூப்பிடுவார். அந்தச் சேரில் மரியாதை எவ்வளவு, கிண்டல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

முதன்முதலில் அவரோடு வெளியே போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. குடித்தனப் பட்டியல் எடுக்கும் காலம். ஒரே வீட்டில் இருந்தாலும் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் தனித்தனிக் குடித்தனம் என்பது விதி. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்துத்தான் கல்யாணம். மருமகன் வந்து சேர்ந்ததும் உம்மாவும் வாப்பாவும் பின்பக்கம் ஓர் அறை இறக்கி ஒதுங்கிக்கொள்வார்கள். பாண்டிருப்பில் எங்கள் தமிழ் ஆட்களிடமும் இதே வழக்கம்தான். நாளடைவில் அங்கே தனி உலை கொதிக்கும். ஆனால் கேட்டால் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். தனி உலை என்றால் உம்மாவுக்கும் மகளுக்கும் சண்டை என்று ஊர் கதைக்கும் என்ற பயம்.

அந்த வீட்டு உம்மாவும் அப்படித்தான் சொன்னார். "எல்லாரும் ஒண்டாத்தான் திங்கிற. ஒரே உலைதான்." நான் 'ஒன்று' என்று எழுதப் பேனையைத் திறந்துவிட்டேன். ஜெமீலா அவசரப்படாமல் தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, வேறு ஏதோ கதைக்கிறவர்போலக் கேட்டார்: "ராத்தா, இந்த ஊட்டுல தேங்காய் துருவுற துருவலை எத்தன இரிக்கி?"

"ரெண்டு" என்று பட்டென்று பதில் வந்தது. அடுத்த நொடியே அந்த உம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதிராதங்க புள்ள, மகள்ர மானம் போயிரும்" என்றார்.

"ஒங்கட பேர ஒருத்தருக்கும் காட்ட மாட்டன். எண்ணிக்கையத்தான் குடுப்பன். ஆனா இல்லாத மாதிரி எழுத மாட்டன். நாளைக்கு ஒரு உதவி வந்தா முன்னுக்கு உள்ளவங்களுக்குத்தான் வரும், பின்னுக்கு இரிக்கிற நீங்க காணாமப் போயிருவீங்க."

அந்தக் கேள்வியை அவருக்கு எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு வீட்டுக்கு ஒரு துருவலையைப் பகிர்ந்துகொள்ளும் பெண் இந்தக் கரையில் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். அன்றைக்குத் திரும்பும்போது, பஸ்ஸுக்காக நின்ற என் பக்கத்தில் ஸ்கூட்டியை நிறுத்திக் கேட்டார்: "சேர், ஒங்கட ஊட்டுல எத்தன?" நான் என் மனைவிக்குக் கிடைத்த வீட்டில் இருக்கிறவன். பின்னறையில் மாமாவும் மாமியும் தனி உலை வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டைப் பட்டியலில் ஒரே குடித்தனமாகச் சொன்னதே நான்தான். பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த வருடம் அவருடைய பட்டியலில் குடித்தனங்களின் தொகை திடீரென்று ஏறியது. ஏறாமல் எப்படி இருக்கும்? அதுவரை எண்ணப்படாத பின்னறைகள் எல்லாம் உள்ளே வந்திருந்தன. அதேநேரம், நாட்டின் புள்ளிவிபர முறைமை எவ்வளவு தரமானது, எவ்வளவு ஆற்றல் உள்ளது என்று மதிப்பிட ஒரு குழு சுற்றி வருவதாகக் கடிதம் வந்தது. மேலே இருந்த ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். மற்றப் பிரிவுகள் எல்லாம் சீராகப் போகின்றன, உங்களுடையது மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது, குழு வருவதற்குள் பழைய போக்குக்குப் பொருந்தச் செய்யுங்கள் என்றார். நான் ஓம், செய்கிறேன் என்றேன். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இருந்த காலம் அது.

ஜெமீலாவை அழைத்து, பின்னறைக் குடித்தனங்களை முன்வீட்டோடு சேர்த்துவிடும்படி சொன்னேன். அவர் அலுவலகப் பிரதிக் கட்டை என் மேசையில் வைத்தார்.

"என்ட கையால மாத்த மாட்டன் சேர். ஒங்களுக்கு வேணுமெண்டா நீங்க மாத்துங்க. மாத்திப்போட்டுக் கீழ ஒங்கட பேரயும் போடுங்க."

மாற்றினேன். பெயரைப் போடவில்லை. தன்னிடம் இருந்த மூலப் பிரதியை அவர் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மாரிமழையில் அந்த முறை வெள்ளம் ஊருக்குள் வந்தது. எத்தனை உலர் உணவுப் பொதி தேவை என்று மேலே கேட்டபோது எங்கள் எண்ணிக்கையைத்தான் எடுத்தார்கள். என் எண்ணிக்கையை. முன்வீட்டுக்கு ஒரு பொதி. பின்னறைக்குப் பொதி இல்லை. தண்ணீர் வடியத் தொடங்கிய ஒரு காலையில் ஜெமீலா வந்து, "சேர், கொஞ்சம் வாங்க" என்று முழங்கால் சேற்றுக்குள்ளால் என்னைக் கூட்டிப் போனார். அந்தத் துருவலை வீடுதான். பின்னறையில் உம்மா ஈர விறகை ஊதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோபப்படவில்லை. "நாங்க கணக்குல இல்லியாம் மகன்" என்றார், ஏதோ தன்னுடைய பிழைபோல. ஜெமீலா என்னைப் பார்க்கவேயில்லை. அவர் திட்டியிருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன்.

பிறகு குழு வந்தது. நீளமான படிவம் ஒன்று வைத்திருந்தார்கள். எத்தனை கணினி, எத்தனை ஆளணி, அறிக்கை நேரத்துக்கு வருகிறதா, சட்டம் இருக்கிறதா, படிவங்கள் முழுமையாக நிரப்பப்படுகின்றனவா என்று கேட்டுக்கொண்டே போனார்கள். நான் எல்லாவற்றுக்கும் நல்ல பதில் சொன்னேன். கடைசியில், கள உத்தியோகத்தர்களுக்கு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று சம்பிரதாயமாகக் கேட்டார்கள். ஜெமீலா எழுந்தார்.

"ஒங்கட படிவத்துல ஒரு கேள்வி இல்ல. எண்ண மாத்தச் சொல்லி மேல இருந்து வந்தா, மாட்டன் எண்டு சொல்றத்துக்கு இந்தக் கந்தோருல ஆள் இரிக்கா? சொன்னா அந்த ஆளுக்கு என்ன நடக்கும்? இதக் கேக்காம எங்கட தரத்த எப்பிடி அளப்பீங்க?"

 குழுவின் தலைவி, எண் மாற்றப்பட்டதா, யார் மாற்றியது என்று நேராகவே கேட்டார். ஜெமீலா பையிலிருந்து மூலப் பிரதியை எடுத்து மேசையில் வைத்தார். "இது நான் எடுத்தது. மத்தத ஆர் எழுதினதெண்டு எழுதின ஆள்தான் சொல்லணும்."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். நான் அதற்குள்ளால் போகவில்லை. தலையைக் குனிந்து, எதையோ எழுதுகிறவன்போல இருந்தேன். இரண்டு மாதத்தில் அவருக்குத் தூரத்துப் பிரிவுக்கு இடமாற்றம் வந்தது. எனக்குப் பதவி உயர்வு வந்தது. இரண்டு கடிதமும் ஒரே தபாலில் வந்தன.

இன்றைக்கு இதை வாசிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்த எண்ணை மாற்றியது நான். அவருடைய பட்டியலில் பிழை இருக்கவில்லை.

அவர் அங்கேயும் துருவலையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தார். மேன்முறையீடு எழுதிக் குவித்துத் திரும்பி வந்தும் சேர்ந்தார். வந்த அன்று என் மேசைக்கு முன்னால் நின்று, "என்ன சேர், ஒங்கட ஊட்டுல இப்பவும் ஒண்டுதானா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான்தான் சிரிக்கவில்லை. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது, ஒரு காலை நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் பிறகு எழும்பவில்லை.

அவர் கடைசியாக எடுத்த குடித்தனப் பட்டியல் இப்போது என் மேசையில் இருக்கிறது. பின்னறைகள் எல்லாம் தனித்தனி வரிகளில் இருக்கின்றன. மறுபடியும் ஒரு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறதாம். முந்தாநாள் மறுபடியும் அழைப்பு வந்தது. குரல் வேறு, பேச்சு அதேதான். துருத்திக்கொண்டு நிற்கிறது, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள். மாட்டேன் என்றேன். வேண்டுமானால் நீங்களே வந்து உங்கள் கையால் மாற்றுங்கள், கீழே உங்கள் பெயரையும் போடுங்கள் என்றேன். 

இந்தப் பட்டியலின் மூலப் பிரதியை நான் வைத்திருக்கிறேன். அவருடைய கேள்வியையும் வைத்திருக்கிறேன். புதிய பட்டியலில் எங்கள் பாண்டிருப்பு வீட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். அதையும் ஜெமீலாதான் எடுத்திருந்தார், நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில். மாமியிடம் துருவலையைக் கேட்டிருக்கிறார். அவருடைய கையெழுத்தில் குடித்தனம் இரண்டு என்று இருக்கிறது. அந்த வரிக்குக் கீழே, சரிபார்த்தவர் என்ற இடத்தில், என் முழுப் பெயரையும் எழுதிவிட்டேன்.