இருசம்மாளின் ஒன்பது கூடைகள்

என் அக்கா இருசம்மாளுக்கு விரல் ரேகை கிடையாது. பிறக்கும்போது இருந்திருக்கும். பதினோரு வயதில் காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனியில் கொட்டை உடைக்க உட்கார்ந்தவள், அறுபத்தைந்து வயதாகியும் எழுந்திருக்கவில்லை. முந்திரிக்கொட்டைத் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு. பட்ட இடத்தில் தோல் வெந்து உரியும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். ஐம்பது வருஷத்தில் அவளுடைய பத்து விரல் நுனியும் கறுத்து வழவழப்பாகிவிட்டன.

நான் அவள் தம்பி தங்கராசு. கடலூர் – சிதம்பரம் பஸ்ஸில் இருபத்தெட்டு வருஷம் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவனிடமும் சில்லறை இல்லாதவனிடமும் கத்திக் கத்தியே காலம் போனது. ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபோது என்னோடு வந்தது அந்த வாய் ஒன்றுதான்.

அக்காவை நெல்லிக்குப்பத்தில் கட்டிக் கொடுத்தோம். எட்டாவது மாதம் அந்த மனுஷன் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்று சோற்றுத் தட்டைத் தூக்கி அவள் நெற்றியில் வீசினான். நாலு தையல். தையலோடு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அப்பா காத்தவராயன் விட்டுப்போன மூன்று ஏக்கர் முந்திரித்தோப்பை ஒட்டி, அதில் சேராத ஒரு வீட்டில் தனியாக இருக்கிறாள். தோப்பைப் பாகம் பிரிக்கவேயில்லை. அண்ணன் ராமாமிர்தம், அக்கா, நான், மூன்று பேர் பெயரும் ஒரே பட்டாவில் இருந்தன.

அந்தத் தோப்பில்தான் அண்ணன் மகன் சித்தார்த் கூடை நட்டான். பின்லாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அங்கே காட்டுக்குள் பிளாஸ்டிக் தட்டு வீசி விளையாடுகிறார்களாம். பண்ருட்டியில் வெல்டிங் பட்டறையில் சொல்லி ஒன்பது கூடை செய்தான். ஒரு இரும்புக் கம்பம், மேலே வட்டமாகச் சங்கிலிகள் தொங்கும், கீழே கூடை. தூரத்திலிருந்து தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் ஒன்பது கூடையையும் முடித்தவன் ஜெயித்தான்.

"தோப்பு உங்க மூணு பேருக்கும் பொது சித்தப்பா. கூடை மட்டும்தான் என்னுது" என்றான்.

"கூடையை வெச்சிக்கினு என்னாடா பண்ணுவ? மாங்கா விப்பியா?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்து காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். புதுச்சேரியிலிருந்து இரண்டு மூன்று வெள்ளைக்காரர்கள். முந்திரிக் கிளை தரையைத் தொட்டுக்கொண்டு படரும்; உயரமாக வீசினால் தட்டு இலைக்குள் போய்ச் சிக்கும். எல்லோரும் திணறிக்கொண்டிருந்தபோது, சருகு கூட்டிக்கொண்டிருந்த அக்கா ஒரு தட்டை எடுத்து, இடுப்புக்குக் கீழே பக்கவாட்டில் சுண்டிவிட்டாள். கிளைக்கு அடியில் போய் சலார் என்று சங்கிலியில் விழுந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை.

ஒரு வருஷத்தில் சித்தார்த்துக்கு மறுபடி விசா வந்தது. "அத்தை, நீங்க பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பிள்ளைகள் வருவதும் நின்றது. நானும் அக்காவும்தான் மிச்சம். கம்பெனி விட்டதும் ஐந்து மணிக்கு வருவாள். ஒன்பது கூடையும் போடுவோம். ஒரு நாள்கூட அவளை நான் ஜெயித்ததில்லை. "டிக்கெட் கிழிச்ச கைதானே, வேற என்னா வரும்?" என்பாள். காய்ச்சலாக இருந்தாலும் வந்துவிடுவாள். அவளுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அப்போது பார்த்து அண்ணன் தோப்பை விற்கக் கிளம்பினார். கடலூர்ப் பார்ட்டி ஒன்று மனை போட இடம் தேடி வந்தது. மூன்று ஏக்கரும் மொத்தமாக வேண்டும், மூன்று பேரும் ஒன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி எனக்குப் பழக்கமில்லை. ஊரெல்லாம் கத்தினவன் அவரிடம் தலையை ஆட்டினேன். அக்காவும் ஆட்டினாள். எங்கள் பக்கத்தில் கூடப்பிறந்தவன் கேட்டுக் கையெழுத்துப் போடாத பெண்ணுக்குத் தாய்வீடு அன்றோடு சரி. அவள் செத்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி வராது. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு அதைவிடப் பயம் வேறென்ன?

பத்திர ஆபீசில் அண்ணன் விரல் வைத்தார், நான் வைத்தேன், மெஷின் எடுத்துக்கொண்டது. அக்கா விரலை மட்டும் எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தும் சிவப்பு விளக்குதான் எரிந்தது. கைக்கு ஓய்வு கொடுத்து எண்ணெய் தேய்த்துப் பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அண்ணன் பல்லைக் கடித்தார். நானும் அக்காவும் வீட்டுக்கு வந்து வெயிலென்றும் பார்க்காமல் இரண்டு சுற்றுப் போட்டோம்.

அண்ணன் அவளைக் கம்பெனிக்குப் போகக்கூடாது என்று நிறுத்தினார், களிம்பு வாங்கிக் கொடுத்தார். ஒரு மத்தியானம் நான் போனபோது அக்கா கொல்லையில் உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாம்பல் இல்லை. விரலெல்லாம் பச்சைப் புண்.

"என்னாக்கா இது?"

"சும்மா இருந்தா கை நமநமங்குது. போடா, தட்டை எடுத்துக்கினு வா."

மரமண்டை, எனக்கு அப்போதும் புரியவில்லை.

இரண்டாம் தடவையும் சிவப்பு. மூன்றாம் தடவையும் சிவப்பு. கடலூர்ப் பார்ட்டி, அடுத்த தடவையும் ஆகவில்லையென்றால் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. நாலாம் தடவை போனோம். அக்கா விரலை வைத்தாள். சிவப்பு. மெஷினுக்குப் பின்னால் இருந்த பையன் மூக்கைச் சுளித்தான்.

"கையைக் கழுவிட்டு வரமாட்டியாம்மா? மெஷினெல்லாம் நாறுது. உன்னால எங்களுக்கு எவ்ளோ வேலை கெடுது தெரியுமா?"

அக்கா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

"யோவ்! அது உழைச்ச கைய்யா! நீ தின்ற முந்திரி எங்கிருந்து வருதுன்னு நெனச்ச? விரல் விழலைன்னா ரேஷன் கடையில கண்ணைப் பாத்து அரிசி போடுறான். உங்களுக்கு மட்டும் கண்ணு மெஷின் வாங்க வக்கில்லையா?"

ஆபீஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பையன் மெதுவாகச் சொன்னான். "இருக்குங்க. வந்து ஒரு மாசமாச்சு. இன்னும் பிரிக்கல. இருங்க பாக்கறேன்."

பெட்டியைப் பிரித்தார்கள். அக்காவை உட்கார வைத்து, இமைக்காமல் பார்க்கச் சொன்னார்கள். மூன்று எண்ணுவதற்குள் பச்சை விளக்கு எரிந்தது. அண்ணன் என் முதுகில் தட்டி, "கண்டக்டர் வாய் கண்டக்டர் வாய்தான்டா!" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காடாம்புலியூர் நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"ரேஷன் கடையில அந்தக் கண்ணு மெஷினில மொதமொதல்ல பாத்தவளே நான்தான்டா தங்கராசு" என்றாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?"

சாம்பலில்லாமல் அவள் கொட்டை உடைத்தது அப்போதுதான் உறைத்தது. "சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன்.

"என்னான்னு சொல்றது? உங்கிட்ட சொன்னா நாளைக்கே வாயை விட்டுடுவ. அண்ணங்கிட்ட மாட்டேன்னா எனக்குக் கோடி எடுத்துக்கினு எவன் வருவான்? விரல் பாத்துக்கும்னு இருந்தேன்."

என் நாக்கில் சனி.

பத்திரம் முடிந்த கையோடு பார்ட்டி போன் போட்டிருக்கிறது; நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி வந்திருந்தது. ஒன்பது கூடையையும் பிடுங்கி ரோட்டோரம் போட்டிருந்தார்கள். சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தன. அக்கா நின்று பார்க்கவில்லை. உள்ளே போனாள். வீசி விளையாடிய தட்டை எடுத்துத் தண்ணீர்க்குடத்தை மூடினாள். பிறகு சாம்பல் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொட்டை உடைக்க உட்கார்ந்தாள்.