ஐந்து கிழமை ஒரு அம்பிளிஃபயரைத் திட்டினேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி தூரம் என்னை விவரமான ஆள் என்று நம்பி வந்துவிட்டு யாரும் ஏமாறக் கூடாது. மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை என் இடது காது கேட்காமல் போனது. போனது காதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து கிழமை, முழுதாக ஐந்து வாரம், எடுத்தது. அந்த ஐந்து கிழமையும் நான் அம்பிளிஃபயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஆரம்ப நாள்களில் வந்திருந்தால் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று பிறகு சொன்னார்கள். இதை எழுதும்போதும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அந்த அம்பிளிஃபயர் ஒரு வெள்ளிநிறப் பெட்டி. முன்பக்கத்தில் ஒரே ஒரு குமிழ். சத்தத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், அவ்வளவுதான். அடித்தொனிக்குக் குமிழ் இல்லை, மேல்தொனிக்கு இல்லை, இடது வலதைச் சரிக்கட்ட இல்லை. விளக்கு இல்லை, ஒரு எழுத்துக்கூட இல்லை. எங்களைப் போன்ற பைத்தியங்களின், விசரர்களின் வேதம் இது: பாட்டு போகும் வழியில் நிற்கும் ஒவ்வொரு பாகமும் பாட்டில் ஒரு கடி கடித்துவிட்டுத்தான் விடும், ஆகவே முடிந்த மட்டும் பிடுங்கி எறி. பிடுங்கி எறிந்த சாமானுக்கு விலை ஏன் கூடுகிறது என்று கேட்பவர்களை நாங்கள் பரிதாபமாகப் பார்ப்போம். "எங்கடை ரைஸ் குக்கருக்கே ரெண்டு பட்டன் இருக்கு" என்றாள் என் மனைவி, பெட்டியைத் திறந்த அன்றே. நான் அவளையும் பரிதாபமாகத்தான் பார்த்தேன்.

இந்த வேதத்தை நான் மொன்ட்ரியாலில் பிரசங்கிக்காத கல்யாண மண்டபம் கிடையாது. ஒரு வீட்டுக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன் அவர்களுடைய ஸ்டீரியோவில் ஏற்றி வைத்திருக்கும் குமிழ்களையெல்லாம் கேட்காமலே நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவேன். ஏன் எங்களை ஆட்கள் அதிகம் கூப்பிடுவதில்லை என்று மனைவி யோசித்ததுண்டு. நான் யோசித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை வழக்கம்போலத் தேநீருடன் என் கதிரையில் இருந்தேன். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், நாடா வைத்து அளந்து போட்ட கதிரை. போட்டது ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. பாடுபவர் நடுவில், வயலின் வலப்பக்கம், மிருதங்கம் இடப்பக்கம். கண்ணை மூடினால் யார் எந்தப் பாயில் இருக்கிறார் என்று விரலால் காட்டலாம். அந்தச் சுகத்துக்காகத்தான் இவ்வளவு செலவும் சண்டையும். அன்று கண்ணை மூடினேன். மிருதங்கக்காரர் எழும்பிப்போய் வயலின்காரரின் மடியில் இருந்தார். பாடுபவரும் வலப்பக்கச் சுவரோடு சாய்ந்துவிட்டார். இடப்பக்கம் வெறும் பாய்.

"இடது சனல் செத்துப்போச்சு" என்று கத்தினேன்.

மனைவி குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "எனக்கு நல்லாத்தானே கேக்குது?"

"உமக்குக் குசினிக்குள்ளை நிண்டு என்ன தெரியும்?"

இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இடது வயரையும் வலது வயரையும் மாற்றிக் கொழுவு. பழுது அம்பிளிஃபயரில் என்றால் அது மற்றப் பக்கத்துக்குப் போய்விடும். மாற்றினேன். பழுது அதே இடப்பக்கத்தில் இருந்தது. சரி, ஸ்பீக்கர் என்று இரண்டு ஸ்பீக்கரையும் இடம் மாற்றினேன். பழுது அசையவில்லை. பெட்டியில் பழுது இல்லை, வயரில் இல்லை, ஸ்பீக்கரிலும் இல்லை. மிச்சம் இருந்தது இரண்டே இரண்டு சாமான்: ஒன்று அறை, மற்றது நான். நான் அறையைப் பிடித்தேன்.

புத்தக அலுமாரியை இடம் மாற்றினேன். திரைச்சீலையைக் கழற்றினேன். சாமிப்பட அலுமாரியின் கண்ணாடி மேல்தொனியைச் சிதறடிக்கிறது என்று சொல்லி அதற்குக் கம்பளி போர்த்தினேன். "முருகனுக்குக் குளிருதாமோ?" என்று கேட்டாள் மனைவி. அதே நாள்களில் இடப்பக்கம் "ஙீ" என்று ஒரு மெல்லிய இரைச்சலும் சேர்ந்துகொண்டது. டிரான்ஸ்ஃபார்மர் என்று முடிவு செய்தேன். பிளக்கைக் கழற்றினேன்; இரைச்சல் நிற்கவில்லை. பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ் என்று முடிவு செய்தேன். ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய் ஊரில் இருக்கும் என் அலுவலகத்துக்குப் போனேன், அங்கும் கேட்டது. அலுவலக ஃபிரிட்ஜும் அதே கொம்பனி என்று முடிவு செய்தேன். அங்கே என் இடப்பக்க மேசையில் இருக்கும் பெண் இரண்டு தரம் பொன்ஜூர் சொல்லிப் பதில் வராமல் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டதும் அந்த நாள்களில்தான். அவளுக்கு என்ன கோபமோ என்று நினைத்தேன்.

படித்த மனிதன் நான். ஒரு சுவர் முழுக்கப் புத்தகம்.

மூன்றாவது கிழமை, மொன்ட்ரியால்-நோரில் இருக்கும் என் கூட்டாளியைக் கூப்பிட்டேன். என்னை விட எட்டு வயது மூத்தவர், அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். முப்பது வருடம் மின்பலகை செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவரிடம் இருப்பது குமிழும் விளக்குமாக ஒரு பழைய அம்பிளிஃபயர். அதற்கு நான் வைத்த பெயர் திருவிழாச் சப்பறம். அவர் வந்து என் கதிரையில் இருந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"தம்பி, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் கேக்குது."

"வடிவாக் கேளுங்கோ அண்ணை. மிருதங்கம் எங்கை நிக்குது?"

"இடப்பக்கம். அது அங்கைதானே நிக்கவேணும்?"

"இல்லை, வலப்பக்கம் ஓடிட்டுது."

"இல்லையடாப்பா, இடப்பக்கம்தான். நீ வேணுமெண்டா காதைக் கீதை ஒருக்கா டொக்டரிட்டைக் காட்டன்."

அதற்கு நான் சொன்ன பதிலை எழுத வேண்டியிருக்கிறது. "உங்கடை சப்பறத்திலை கேட்டுக் கேட்டுக் காது தடிச்சுப்போன உங்களிட்டைக் கேட்டன் பாருங்கோ, அது என்ரை பிழை." அவர் எழும்பி, கோட்டை மாட்டி, சப்பாத்துக் கயிற்றை மெதுவாகக் கட்டி, மனைவியிடம் மட்டும் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்ன அந்த ஒற்றை வசனத்தை நான் அன்று கேட்டிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

அதற்கடுத்த கிழமை அம்பிளிஃபயரை அரிசி மூட்டை இழுக்கும் இரண்டு சில்லு வண்டியில் கட்டி, பனிக்குள்ளால் மெத்ரோவுக்கு இழுத்து, வாங்கிய கடைக்குக் கொண்டுபோனேன். அவர்களுடைய திருத்துநர் இரண்டு பக்கத்தையும் அளந்து, மயிரிழை வித்தியாசமும் இல்லை என்று ஒரு தாளைத் தந்தார். "மீற்றருக்குக் காது இல்லை" என்று அவருக்குப் பிரெஞ்சில் சொன்னேன். நல்ல பிரெஞ்சு. கடைக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெருமையாக இருந்தது.

ஐந்தாம் கிழமை, சனிக்கிழமை, தோசைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன். வலது கை முழங்கைவரை மா. மகளின் அழைப்பு வந்தது. இடது கையால் ஃபோனை எடுத்து இடது காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை.

"இதுவும் பழுது" என்றேன்.

மனைவி ஃபோனை என் கையில் இருந்து எடுத்து என் வலது காதில் வைத்தாள். மகள் "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு மனைவி அதை இடது காதுக்கு மாற்றினாள். மகள் இல்லை. வலது, மகள். இடது, இல்லை. வயர் மாற்றிக் கொழுவிப் பார்ப்பதுபோலவே செய்தாள். நான் மாக் கையோடு நின்றேன்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் காது மருத்துவர் ஒரு இளம் பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துச் சோதித்த தாளைப் பார்த்துவிட்டு, எப்போது தொடங்கியது என்று கேட்டார். நாளைச் சொன்னேன். அவர் மேசை நாட்காட்டியில் பேனா முனையால் எண்ணினார். முப்பத்தெட்டு. உட்காதில் நரம்புப் பக்கம் கேட்கும் சக்தி திடீரென்று விழுந்திருக்கிறது, இதற்கு மருந்து முதல் நாள்களிலேயே தொடங்க வேண்டும், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்.

"அம்பிளிஃபயர் பழுது என்று நினைத்தேன்."

அவர் என்னை ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன். அவர் பேனாவை மூடி வைத்தார், அவ்வளவுதான். விழுங்கக் குளிசை தந்தார். பிறகு கிழமைக்கு ஒன்றாக, செவிப்பறைக்குள்ளால் ஊசி. கடைசி ஊசிக்குப் பிறகு மறுபடி கூண்டு. தாளில் கோடு முதல் தரம் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலே கொஞ்சம்கூட ஏறவில்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்துக்கு வைக்க இடம் வேண்டியிருந்தது. நேரே கடைக்குப் போனேன். கறுப்புச் சட்டை போட்ட விற்பனையாள் வந்தான்.

"இதில் இடது வலதைச் சரிக்கட்டும் குமிழ் ஏன் இல்லை?"

"அது ஒலியைக் கெடுக்கும், மொஸ்யே. சரியான இடத்தில் இருந்து கேட்பவருக்கு அது தேவையில்லை."

"ஒரு காது கேட்காதவனுக்கு?"

"அவர் மருத்துவரைப் பார்க்க வேண்டும்" என்றான். உண்மையான அக்கறையோடுதான் சொன்னான். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் சரி, முதல் பாதி நானே மண்டபம் மண்டபமாகச் சொன்னது. அதனால்தான் பொறுக்க முடியவில்லை. மனித உடம்பு பழுதாகும் என்று தெரியாதவன்தான் இப்படி ஒரு பெட்டியைச் செய்வான், அதைச் செய்தவனுடைய கையில் ஒருநாள் வாதம் வந்து அந்த ஒற்றைக் குமிழையும் திருக முடியாமல் போகட்டும் என்று சாபம் போட்டேன். வாதத்துக்குப் பிரெஞ்சுச் சொல் வராமல் பாதிச் சாபம் தமிழில் போனது.

இனி ஒரே வழி அண்ணைதான். இடது வலதுக் குமிழ் அவருடைய சப்பறத்தில் இருந்தது. அதை இடப்பக்கம் திருப்பினால் மிருதங்கக்காரர் தன் பாய்க்குத் திரும்பிவிடுவார், எனக்கு என் கச்சேரி திரும்பக் கிடைக்கும். இதை நான் உறுதியாக நம்பினேன். இரண்டு நாள் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தேன்.

"அண்ணை, உங்கடை அம்பிளிஃபயரை ஒருக்காத் தாறியளே?"

"எதை, சப்பறத்தையோ? காது தடிச்சவன்ரை சாமான் உனக்கென்னத்துக்கு?"

"எனக்கு ஒரு காது போட்டுது அண்ணை."

"எந்தப் பக்கம்?"

"இடது."

"அப்ப நான் வந்த அண்டைக்கும்?"

"ஓம்."

"விசரா" என்றார். ஆறுதல் சொன்ன எத்தனையோ பேரில் அவர் ஒருவர்தான் சரியான சொல்லைச் சொன்னார்.

ஞாயிறு மத்தியானம் அவரே தன் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்று மாடி வெளிப்படியில் இரண்டு கிழடுகள் அதைத் தூக்கினோம். வயரைக் கொழுவி, அதே கச்சேரியைப் போட்டு, நான் என் கதிரையில் இருந்தேன். அவர் குமிழைத் திருகினார்.

"இப்ப?"

"இல்லை. இன்னும் திருப்புங்கோ."

"இப்ப?"

"இல்லை."

"முழுக்கத் திருப்பிப்போட்டன். எனக்கு எல்லாரும் இடப்பக்கச் சுவருக்கு ஓடிட்டினம். வயலின்காரனும் ஓடிட்டான்."

எனக்கு ஒருவரும் அசையவில்லை. அதே வலப்பக்கம், அதே நெரிசல், இப்போது கொஞ்சம் மங்கலாக. "இந்தச் சப்பறமும் சரியில்லை! இதின்ரை குமிழ் தேஞ்சு போச்சு, உள்ளுக்கை துரு, அதுதான்..." என்று தொடங்கினேன். தொடங்கிய வாய் பாதியில் நின்றது. இது இரண்டாவது அம்பிளிஃபயர். அண்ணை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மனைவியும் குசினி வாசலில் நின்றாள்.

இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் ஒருவர் இருந்து பாடுவதாக இருபது வருடமாகக் கேட்டேனே, அங்கே ஒருவரும் இருந்ததில்லை. அங்கே இருந்தது வெறும் சுவரும் ஒரு பிளக்கும். பாடுபவரை அந்த இடத்தில் கொண்டுவந்து இருத்தியது என் இரண்டு காதும் சேர்ந்து. காசு கேட்காமல், குமிழ் இல்லாமல், பாகம் எண்ணாமல் அவை செய்த வேலைக்கு நான் அந்த வெள்ளிப் பெட்டியைப் புகழ்ந்துகொண்டிருந்தேன். வேலை நின்றபோது அதே பெட்டியைத் திட்டினேன். புகழ்ச்சியும் திட்டும் ஒரே விலாசத்துக்குப் பிழையாகப் போயிருக்கின்றன.

அண்ணை குமிழைத் திரும்ப நடுவில் விட்டார். "எழும்பு" என்றார். எழும்பினேன். நாடா வைத்து அளந்த என் கதிரையை நிலம் கீறக் கீற இழுத்து, என் நல்ல காது ஸ்பீக்கர்களைப் பார்க்கும்படி பக்கவாட்டில் திருப்பிப் போட்டார்.

"இரு. இப்ப என்ன கேக்குது?"

இருந்தேன். என் முகத்துக்கு நேரே புத்தக அலுமாரி. பாட்டு வலது காதுக்குள் ஒரே குவியலாக வந்து விழுந்தது. யார் எங்கே என்று ஒன்றுமில்லை. ஆனால் வயலின் கம்பியில் வில் உரசுவது, பாடுபவர் மூச்சு எடுப்பது, ஐந்து கிழமையும் அதற்குப் பிறகும் திட்டும் அவசரத்தில் நான் கேட்காமல் விட்டது எல்லாம் கேட்டது.

"பாட்டுக் கேக்குது" என்றேன்.

"அப்ப கேள்." அவர் சப்பறத்தின் வயர்களைக் கழற்றாமல் சோபாவில் இருந்தார்.

மனைவி தேநீர்த் தட்டோடு வந்தாள். பக்கவாட்டில் கிடந்த கதிரை குசினிக்குப் போகும் வழியை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. அவள் வயிற்றை எக்கிக்கொண்டு ஒருபக்கமாக நுழைந்தாள். பிறகு என் வலப்பக்கமாகச் சுற்றி வந்து குனிந்து கேட்டாள்.

"இது இனி இப்பிடியேதானோ?"

ஓம் என்றேன். கோபமாகத்தான் சொன்னேன்.